யார் கையில் காமிரா?

2005ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். அமெரிக்க நாட்டிலே ஆஸ்கர் விழா. ஒளி வெள்ளம், உயர்ந்த மண்டபம், உலகப் புகழ் கலைஞர்கள்! சிறந்த ஆவணப்படம் எதுவென அறிவிக்கிறார்கள்: ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’. கொல்கத்தாவின் சோனாகாச்சித் தெருக்களிலே எடுத்த படம். அரங்கம் அதிர்ந்தது. ஆனால் எந்தத் தெரு படமாயிற்றோ, அந்தத் தெருவிலே மகிழ்ச்சி இல்லை, மனக்குறைதான் எழுந்தது. ஏன்?

படத்தைப் பழிக்க நாம் வரவில்லை. ஜானா பிரிஸ்கி என்ற ஒளிப்படக் கலைஞர், பாலியல் தொழிலாளரின் பிள்ளைகளோடு பழகினார். அவர்கள் கையிலே காமிரா தந்தார். படமெடுக்கக் கற்றுக் கொடுத்தார். ராஸ் காஃப்மனுடன் சேர்ந்து அதையே ஆவணப்படமாக்கினார். பிள்ளைகள் எடுத்த படங்களை விற்று, அவர்கள் படிப்புக்குப் பணம் சேர்த்தார். நல்ல நெஞ்சம்தான், மறுப்பார் யார்?

ஆனால் கேட்கிறோம்: பிள்ளைகளுக்குத் தாய் உண்டே, அவள் எங்கே? அந்தப் படத்திலே தாய், ஏசுகிறவளாக வருகிறாள், பிள்ளையின் வழியை மறிக்கிறவளாக வருகிறாள். பெற்றவள் பொல்லாதவள், மீட்க வந்தவர் நல்லவர் என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகிறான், படம் பார்த்தவன்.

உண்மை அவ்வளவுதானா? அல்ல, அல்ல! ஆஸ்கர் மேடைக்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1995இல், அந்தத் தாய்மார்கள் ‘துர்பார் மகிளா சமன்வய கமிட்டி’ என்ற சங்கம் கண்டார்கள். அதே ஆண்டு ‘உஷா’ கூட்டுறவுச் சங்கமும் தொடங்கினார்கள். ஏன் தொடங்கினார்கள்? உழைத்த காசை வட்டிக்காரனிடம் கொட்டி அழுதது போதும் என்பதால்! பதிவு செய்யப் போனபோது சட்டம் குறுக்கே நின்றது. நன்னடத்தை உள்ளவர்தான் உறுப்பினராகலாமாம்! இல்லத்தரசிகள் என்று எழுதிக் கொடுத்தால் காரியம் முடியும் என்று யோசனை சொன்னார்கள். மறுத்தார்கள் அந்த மாதர்கள். பொய் சொல்லிப் பெறும் உரிமை எமக்கு வேண்டாம் என்று நிமிர்ந்து நின்றார்கள். கடைசியில் வளைந்தது சட்டம்தான்; அவர்கள் முதுகு அல்ல!

சேமிப்புப் புத்தகத்தோடு வரிசையில் நிற்கும் தாய், பிள்ளையின் பள்ளிச் சம்பளத்துக்குக் கணக்குப் பார்க்கும் தாய், கூட்டத்திலே எழுந்து வாதாடும் தாய் — இவளுடைய சங்கத்தை ஆஸ்கர் படம் காட்டவில்லை. இவளும் சோனாகாச்சிதானே? இதுவும் அன்றாட வாழ்வுதானே?

காட்டியவர் இல்லாமலில்லை. 2002இலேயே ஷோஹினி கோஷ் ‘டேல்ஸ் ஆஃப் தி நைட் ஃபேரீஸ்’ என்ற படம் எடுத்தார். அதிலே, துர்பார் அமைப்பைச் சேர்ந்த நான்கு பெண்களும் ஓர் ஆணும் தம் கதையைத் தாமே சொன்னார்கள். கண்ணீர் மட்டுமல்ல, சிரிப்பும் சினமும் அங்கே உண்டு. ஆனால் உலகம் அந்தப் படத்துக்கு அத்தனை பெரிய மண்டபம் தரவில்லை!

அண்டை மாநிலமாம் கேரளத்திலே இன்னும் ஒரு படி மேலே போனார் நளினி ஜமீலா. மூன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. களிமண் குழியிலே வேலை. பின்னர் பாலியல் தொழில். அந்தப் பெண், தாய்லாந்திலே காமிராப் பயிற்சி பெற்றுத் திரும்பி, தம்மைப் போன்றவரின் ஒரு நாள் வாழ்வை ‘ஜ்வாலாமுகிகள்’ என்று எட்டு நிமிடப் படமாக எடுத்தார். பார்க்கப்பட்டவள், பார்க்கத் தொடங்கினாள்! 2005இல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. பிறர் துணையோடு எழுதிய முதல் பதிப்பிலே தம் குரல் இல்லை என்று கண்டவர், அதே ஆண்டில் திருத்தி மீண்டும் வெளியிட்டார். என் கதை எனக்குச் சொந்தம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அயலாரைச் சுட்டிய விரல் நம் பக்கமும் திரும்பட்டும். ‘அழகிகள் கைது’ என்று தலைப்புப் போட்டு, முந்தானையால் முகம் மூடிய பெண்களின் படத்தை அச்சிட்ட ஏடுகள் தமிழ்நாட்டிலே எத்தனை! அந்தப் படத்திலே என்றாவது வாடிக்கைக்கு வந்த ஆணின் முகத்தைக் கண்டீர்களா? அவன் பின்வாசல் வழியே போய்விட்டான். அவள் முன்பக்கத்துக்கு வந்துவிட்டாள்!

2022 மே 19இல் உச்சநீதிமன்றம் சொன்னது: இவர்களுக்கும் மானத்தோடு வாழும் உரிமை உண்டு, கைது, சோதனை, மீட்பு எதுவானாலும், அடையாளம் தெரியும்படி செய்தியோ படமோ வெளியிடலாகாது. இந்த வழக்கின் தொடக்கம், 1999இல் கொல்கத்தாவிலே ஒரு பாலியல் தொழிலாளி கொலையுண்ட நிகழ்ச்சி. ஓர் உயிர் போய் இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த சொல் அது!

காமிராவைப் பூட்டி வையுங்கள் என்று நாம் கூறவில்லை. இருட்டிலே நடக்கும் கொடுமை வெளிச்சத்துக்கு வரத்தான் வேண்டும். ஏமாற்றி விற்கப்படும் சிறுமியின் துயரம் உலகறியத்தான் வேண்டும். ஆனால் வாசலிலே நின்று கேளுங்கள், வரலாமா என்று. எடுத்ததை முதலில் அவளுக்குக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்து விடுங்கள். கைதட்டல் ஒரு நாளில் ஓயும்; முகம் தெரிந்துவிட்டால் அவள் பிள்ளை பள்ளியிலே படும் பாடு ஓயாது.

பரிவு காட்டுகிறோம் என்று படம் காட்டியது போதும். அவள் கேட்பது பரிவல்ல — உரிமை!