சிங்குக்கு அடியில் எந்தப் பலகை?

(வீட்டுக்குள் மரவேலை – 9)

பிளைவுட் கடையில் முதலில் வரும் கேள்வி, "கமர்ஷியலா, வாட்டர்ப்ரூஃபா, மரைனா?" என்பதுதான். பலரும் விலையைக் கேட்டுவிட்டு நடுவில் இருப்பதைக் கைகாட்டுவார்கள். அதே பலகை அடுப்படி முதல் படுக்கையறை வரை ஏறிவிடும். ஓரிடத்தில் பணம் வீண், இன்னோரிடத்தில் பலகை வீண்.

மூன்றையும் பிரிப்பது முக்கியமாகப் பசை. கமர்ஷியல் என்று விற்கும் எம்.ஆர். ரகத்தில் மரத்தகடுகளை ஒட்டுவது யூரியா ஃபார்மால்டிஹைடு. காற்றின் ஈரத்தை அது தாங்கும். தேங்கிய தண்ணீரைத் தாங்காது. மற்ற இரண்டிலும் பீனால் ஃபார்மால்டிஹைடு. மரைன் பலகைக்கான தர எண் ஐ.எஸ். 710. மாதிரித் துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடக் கூடாது என்பது அதன் சோதனை. 'வாட்டர்ப்ரூஃப்' என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதன் மேலுள்ள எண்ணையும் பாருங்கள்.

என் கணக்கு இது. சிங்குக்கு அடியில் வரும் பெட்டிக்கு 710 தவிர வேறெதுவும் வேண்டாம். அடுப்படியின் மற்ற கீழ்ப் பெட்டிகளுக்கு, வாட்டர்ப்ரூஃப் என்று விற்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் போதும். லாஃப்டுக்கும் துணி அலமாரிக்கும் எம்.ஆர். தாராளம். ஆனால் அலமாரியின் முதுகு குளியலறைச் சுவரில் சாய்கிறது என்றால் அதையும் அடுப்படியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் தேக்கிலேயே செய்துவிடலாமே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டத்துக்குத் தேக்கு நல்லதுதான். அகலப் பலகையாக வைத்தால் மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும். கதவு இறுகும், இணைப்பு விரியும். பிளைவுட்டில் தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் படிந்திருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

அந்தத் தகடுகள் வரும் வழிக்கு ஒரு கதை உண்டு. கூடலூர் காடுகளை முன்வைத்துத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. வடகிழக்கின் பிளைவுட் ஆலைகள் முடங்கின. ஹரியானாவின் யமுனாநகர், விவசாயிகள் வயலில் வளர்க்கும் பாப்லரையும் யூகலிப்டஸையும் வைத்துத் தழைத்தது. கேரளத்தின் பெரும்பாவூர் ரப்பர் மரத்தை வைத்து. பாப்லர் இலேசானது, மிருது. ஸ்க்ரூ பிடிப்பு சற்றுக் குறைவு. யூகலிப்டஸ் கனம். ஒரே தடிமனில் இரண்டு பலகைகளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாலே கைக்குத் தெரிந்துவிடும். அப்படியே விளிம்பையும் பாருங்கள்: அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் விலை பேசாமல் நகர்ந்துவிடலாம்.

ஆறு, ஏழு அடி உயரக் கதவுகளுக்குப் பல ஆசாரிகள் பிளாக்போர்டைத்தான் கேட்பார்கள். உள்ளே மரச் சட்டங்கள் வரிசையாக இருப்பதால் எடை குறைவு, வளைவதும் குறைவு. பெயின்ட் அடிக்கிற, பூ வேலை குடைகிற கதவுக்கு எம்.டி.எஃப். அழகு. பார்ட்டிகிள் போர்டைச் சமையலறைக்குள் விடாதீர்கள். ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது.

எந்தப் பலகையானாலும் வெளிப்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிவிட்டு உள்பக்கத்தை வெறுமனே விடச் சொல்லாதீர்கள். ஈரம் ஒரு பக்கமாக ஏறும், கதவு வில்லாகும். உள்ளே மலிவான மெல்லிய மைக்கா போதும், ஆனால் வேண்டும்.

தண்ணீர் பெரும்பாலும் நுழைவது விளிம்பில்தான். சிங்க் பெட்டியில் குழாய்க்காகப் போடும் துளை, யாரும் கண்டுகொள்ளாத விளிம்பு. அதன் உள்சுற்றில் சீலரைத் துளை போட்ட அன்றே பூசிவிடுங்கள். பிளம்பர் குழாயை மாட்டிவிட்டால் அங்கே பிரஷ் நுழையாது.