பெற்ற தாய் மீதே வழக்கா?

"பெத்த உம்மா மேலேயே கேஸ் போட்டுட்டா!" வாப்பாவின் சொத்தில் பங்கு கேட்டு நீதிமன்றம் போன பெண்ணைப் பற்றி நம் ஊர்களில் இப்படித்தான் பேசுகிறார்கள். சம்மனில் உம்மாவின் பெயருக்கு எதிரே 'பிரதிவாதி' என்று இருப்பதைப் பார்த்ததும் வீடு கொதித்துப் போகிறது. அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்துகிறார்கள். பெருநாளைக்குக் கூடப் போக்குவரத்து இல்லை. பிரதிவாதி என்பதைக் குற்றவாளி என்று படித்துவிடுவதால் வரும் வினை இது.

சிவில் வழக்கில் குற்றவாளி என்று ஒருவர் கிடையாது. கிரிமினல் வழக்கு குற்றத்துக்குத் தண்டனை தேடுவது. பெரும்பாலும் அரசே நடத்துவது. சிவில் வழக்கு, இன்னது யாருக்கு உரியது என்று தீர்மானித்துத் தரக் கேட்பது. கேட்பவர் வாதி. யார் யாரை முன்னால் வைத்துக்கொண்டு அதைத் தீர்மானிக்க வேண்டுமோ அவர்கள் பிரதிவாதிகள். ஃபிக்ஹு நூல்களில் இவர்களை முத்தஈ, முத்தஆ அலைஹி என்று ஓதியிருக்கிறோம். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இன்றும் புழங்கும் தாவா, வக்கீல், முன்சீப், ஆஜர், வாரிசு எல்லாமே அரபியிலிருந்து வந்த சொற்கள்தானே!

பாகப்பிரிவினை வழக்கில் ஒரு தனித்தன்மை உண்டு. ஒருவர் மவுத்தானார், மனைவியும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருக்கிறார்கள், அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். கடனும் வஸிய்யத்தும் போக மீதியை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. மகளின் 7 பங்கைத் தனியே அளந்து தர வேண்டுமானால் மற்ற 33 பங்குக்காரர்களும் நீதிமன்றத்தின் முன் இருந்தாக வேண்டும். ஒரு வாரிசை விட்டுவிட்டால் அந்தக் குறைக்காகவே வழக்கு தள்ளுபடியாகலாம். ஆகவே வழக்கில் வாதியாகச் சேராத எல்லா வாரிசும் பிரதிவாதி. தங்கையின் பக்கம் நிற்கும் தம்பியும் பிரதிவாதி, உம்மாவும் பிரதிவாதி. அண்ணன் இடையில் ஒரு மனையை வெளியாளுக்கு விற்றிருந்தால் வாங்கியவரையும் சேர்க்க வேண்டும். வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்காக வழக்கில் நிற்க ஒரு காப்பாளரை நீதிமன்றமே நியமிக்கும்.

இதில் உம்மாவுக்கு நஷ்டம் ஏதும் இல்லை. முதல்நிலைத் தீர்ப்பாணையில் அவருடைய எட்டில் ஒன்றும் சேர்த்துத்தான் சொல்லப்படும். தன் பங்கையும் தனியே பிரித்துத் தரும்படி கேட்டு, உரிய கட்டணம் செலுத்தினால் பிரதிவாதியாக இருந்துகொண்டே அவரும் பெற்றுக்கொள்ளலாம். பிறகு வக்கீல் ஆணையர் ஒருவர் நேரில் வந்து அளந்து, எந்தப் பகுதி யாருக்கு என்று அறிக்கை தருவார். அதை வைத்து இறுதித் தீர்ப்பாணை வரும்.

உஹதில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி திர்மிதீயில் இருக்கிறது. பிள்ளைகளின் சாச்சா சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்பது முறையீடு. வாரிசுரிமை வசனம் இறங்கியதும் நபியவர்கள் அந்தச் சாச்சாவிடம், மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகளுக்கும் எட்டில் ஒன்றை அவர்களின் தாய்க்கும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எவர் மீது முறையீடு வந்ததோ அவரும் தம் பங்கோடுதான் போனார். முறையிட்ட பெண்ணை, குடும்ப மானத்தை வாங்கினாய் என்று யாரும் கேட்டதாக அதில் இல்லை. நம்மவர்கள் மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

இனி சம்மன். கோபத்தில் அதை வாங்க மறுப்பவர்கள் தமக்குத் தாமே கெடுதல் செய்துகொள்கிறார்கள். அமீனா அதை வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாள் வரை அனுமதிக்கலாம். வரவே இல்லையென்றால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கோருவதற்கும் 30 நாள்தான். நடுவில் ஒருவர் மவுத்தானால் 90 நாட்களுக்குள் அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். நம் குடும்ப வழக்குகள் வருஷக்கணக்கில் இழுப்பதால் இதை மறந்துவிடக் கூடாது.

வயலும் தோப்பும் ஷரீஅத் பங்கில் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்திருந்தது உண்மை. சென்னை மாகாணம் 1949-இல் செய்த திருத்தத்தால் அதுவும் உள்ளே வந்துவிட்டது. ஆகவே தமிழ்நாட்டில் வீட்டுக்கும் வயலுக்கும் ஒரே கணக்கு.

எதிர்வழக்குரையில் எதை எழுதுகிறோம் என்பதற்கு அல்லாஹ்விடமும் பதில் சொல்ல வேண்டும். வாய்வன்மையால் தம்மிடமே சாதகமாகத் தீர்ப்புப் பெற்றாலும், அது அடுத்தவர் உரிமையாக இருந்தால் அவர் எடுத்துச் செல்வது நெருப்புத் துண்டு என்று நபி (ஸல்) எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. வாப்பா மவுத்துக்குப் பிறகு முன்தேதியிட்டு ஹிபா பத்திரம் தயாரிப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

வழக்கு நடக்கும்போதும் சமாதானத்துக்கு வழி அடைபடுவதில்லை. ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசி முடித்ததை எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் கொடுத்தால், அதன்படியே தீர்ப்பாணை கிடைக்கும். லோக் அதாலத்தில் முடித்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவின் மீது மேல்முறையீடு கிடையாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று உரிமையை விட்டுவிடும் சகோதரிகளுக்கு ஒரு தகவல்: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வாப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்துப் பத்திரங்களின் நகல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பத்திரம் அண்ணன் கையில் இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து நகல் வாங்கிக்கொள்ளலாம்.