பிச்சாவரத்தில் வாய்க்கால் வெட்டியவர்கள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. நடராசர் கோயிலின் தலமரமான தில்லை இங்கே இன்றும் வளர்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இந்தக் காட்டுக்குள் பல இடங்கள் பொட்டலாகக் கிடந்தன. விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் மீது பழி விழுந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. பிரிட்டிஷ் காலம் தொட்டு 1970-கள் வரை காட்டைக் கூறு போட்டு, முறைவைத்து மொட்டையடித்திருந்தார்கள். நிழல் இழந்த சேறு வெயிலில் காய்ந்து, அமுங்கிப் பள்ளமானது. உள்ளே புகுந்த ஓத நீர் வடிய வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுப்போனது. கடல்நீரை மிஞ்சிய அந்த உப்பில் அலையாத்திக் கன்றும் பிழைக்காது.

ஆகவே கன்று நடுவதற்கு முன் நீரோட்டத்தைச் சரிசெய்தாக வேண்டும். உப்பங்கழியோடு இணைத்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வரும். இறங்கும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வடியும். உப்பு தணிந்ததும் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் என்னும் அலையாத்திக் கன்றுகளை நட்டார்கள்.

வனத்துறையோடு சேர்ந்து இதைச் செய்ய ஊர்தோறும் மன்றங்கள் அமைந்தன. ஆண்களும் பெண்களும் உறுப்பினர்கள். காட்டோரத்து எம்.ஜி.ஆர். நகரில் வாழும் இருளர் பழங்குடியினருக்கு இந்தக் காடுதான் சோறு. ஆழமில்லாத நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் பறியில் போடுவார்கள். எங்கே நீர் ஓடும், எங்கே நிற்கும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரியும். திட்டம் வேர் பிடித்ததற்கு அந்த அறிவே முதல் காரணம் என்பேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில், கடலூர்க் கரையில் காட்டுக்கு முன்னே இருந்த இரண்டு குப்பங்கள் முற்றாக அழிந்தன. பின்னே இருந்த மூன்று ஊர்கள் தப்பின என்கிறது 2005-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு. கடலிலிருந்து உள்ள தொலைவும் தரையின் உயரமுமே காப்பாற்றின என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. அந்த மறுப்பைத் தள்ளிவிடக் கூடாது. காடு இருக்கும் தைரியத்தில் அலைக்கு அருகே வீடு கட்டுவது ஆபத்து.

இந்தக் காட்டை மீட்ட வாய்க்கால்களும் தூர்ந்துபோகும். தூர்வாராமல் விட்டால் நீர் மறுபடி தேங்கும், உப்பு ஏறும். கன்று நட நிதி ஒதுக்கும் அரசு, ஆண்டுதோறும் தூர்வாரும் கூலியையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அந்த வேலை இந்த ஊர்க்காரர்களுக்கே போய்ச்சேர வேண்டும்.