கூடு விட்டுக் கூடு பாயும் எஞ்சின்

இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு துணிக்கூரை. 1962இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் இவ்வளவுதான். பானெட்டைத் தூக்கினால் 1,798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின், 95 குதிரைத்திறன். பின்னால் வந்த மூடிய கூரை ஜி.டி. வடிவத்தையும் சேர்த்தால் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. (நம் ஊரில் ஹெக்டர் என்ற பெயரில் ஓடும் வண்டியின் மூக்கில் இருக்கிறதே எண்கோண முத்திரை, அதேதான். கம்பெனி கைமாறிக் கைமாறிச் சீனாக்காரர் கைக்குப் போய்விட்டது.)

அந்த 95 குதிரைத்திறனை இன்று டாக்சியாக ஓடும் 1.2 லிட்டர் கார்களே ஏறக்குறைய எட்டிவிடுகின்றன. ஆகவே பழைய எம்.ஜி.பி.யைப் புதுப்பிக்கிறவர்களில் ஒரு கூட்டம், உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு இரும்பு எஞ்சினை இறக்கிவிட்டுப் புதியதொன்றை ஏற்றுகிறது. காரின் ஐம்பதாவது ஆண்டான 2012இல் ஃப்ரண்ட்லைன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மாஸ்டாவின் 2 லிட்டர் எஞ்சினை உள்ளே வைத்து எல்.இ.50 என்று ஒரு வண்டியைச் செய்தது. திறன் 200 குதிரைக்கும் மேல். பெட்ரோலும் காற்றும் மாறவில்லை. கொள்ளளவிலும் கால் லிட்டர்கூடக் கூடவில்லை. இரண்டு மடங்குத் திறன் எங்கிருந்து வந்தது?

மூச்சிலிருந்துதான். எம்.ஜி.பி.யின் எஞ்சின் 1940களின் இறுதியில் குடும்பக் கார்களுக்காகப் பிறந்த ஒரு வம்சத்தைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் காற்று நுழைய இரண்டே வாசல்: ஒன்றும் இரண்டும் ஒரு வாசலைப் பங்கிட்டுக்கொள்ளும், மூன்றும் நான்கும் மற்றொன்றை. பற்றவைக்கும் வரிசையோ 1-3-4-2. மூன்றாவது சிலிண்டர் காற்றை இழுத்து முடிப்பதற்குள், அதன் வால்வு இன்னும் முழுக்க மூடாத நேரத்தில், நான்காவது அதே வாசலில் இழுக்கத் தொடங்கிவிடும். உள்ளே இருப்பவனுக்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கை ஓரத்தில் இருப்பவன் பறித்துக்கொள்கிறான். அவனும் இழுத்து முடித்த பிறகு ஏறக்குறைய ஒரு சுற்றுக்கு அந்த வாசலில் ஆளே இல்லை. இதற்கு மேல் இன்னொரு சிக்கல்: புகை வெளியேறும் குழாய்களும் காற்று நுழையும் வாசல்களும் எஞ்சினின் ஒரே பக்கம். கார்ப்பரேட்டர்கள் கொதிக்கும் இரும்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும். சூடான காற்று விரிந்த காற்று. அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவு.

புதிய எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாசல், இரண்டு உள் வால்வு, இரண்டு வெளி வால்வு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். வால்வுகளைத் தள்ள அடியிலிருந்து நீளும் புஷ் ராடுகள் இல்லை. கேம் ஷாஃப்ட்கள் தலைக்கு மேலேயே சுழல்கின்றன. ஆடும் எடை குறைந்ததால் வேகமாகச் சுற்ற முடிகிறது: பழையது 5,400 சுற்றுக்கு அருகே தன் உச்சத்தைத் தொட்டுவிடும், புதியது 7,000ஐ அசராமல் எட்டும். ஒரு மூச்சில் அதிகக் காற்று, ஒரு நிமிடத்தில் அதிக மூச்சு. கலவையைப் பழையது 8.8 மடங்கு அழுத்தியது. இன்றைய எஞ்சின்கள் 10, 11 மடங்கு அழுத்துகின்றன. அப்படி அழுத்தினால் கலவை தானாகவே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் தட்டும். அந்த ஓசையைக் கேட்பதற்கென்றே எஞ்சினில் ஒரு காது பொருத்தியிருக்கிறார்கள். தட்டல் கேட்டதும் பொறி விழும் நேரத்தைக் கணினி சற்றுத் தள்ளிப்போட்டுவிடும்.

கணினி என்றதும் பழையதற்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதன் எஸ்.யு. கார்ப்பரேட்டர் எனக்கு இன்றும் வியப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கியது. அவர்கள் குடும்பத் தொழில் காலணி வியாபாரம். முதல் கார்ப்பரேட்டர்களில் தோல் துருத்தி இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு துருத்தி போய், கவிழ்த்த கிண்ணம் போன்ற அறைக்குள் ஏறி இறங்கும் உலோகப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு அந்தப் பிஸ்டன் தானாக எழும். அதன் அடியில் ஓர் ஊசி, பெட்ரோல் வரும் துளைக்குள் இறங்கியிருக்கும். நுனியை நோக்கி மெலியும் ஊசி என்பதால், பிஸ்டன் எழ எழத் துளையில் இடைவெளி கூடும், பெட்ரோலும் கூடும். மின்சாரம் கிடையாது, சென்சார் கிடையாது. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற விடை ஊசியின் பருமனில் எழுதப்பட்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் எஞ்சினுக்குக் கொஞ்ச நேரம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதற்காகப் பிஸ்டனின் நடுவே சிறிது எண்ணெய். எண்ணெயின் பிசுக்கு பிஸ்டனைச் சற்றுத் தாமதமாக எழவிடும். அந்தக் கணத்தில் துளைக்கு மேல் உறிஞ்சல் வலுத்துக் கலவை தடிக்கும். எண்ணெய் வற்றினால் கார் திணறும்.

ஊசியைச் சம இடைவெளிகளில் அளந்து, பத்துப் பன்னிரண்டு விட்டங்களாகப் பட்டியலிடுவார்கள். எஞ்சினுக்கு ஏற்ற ஊசியைத் தேர்வது அந்தக் காலத்து நிரல் எழுதும் வேலை. இன்றைய எஞ்சின் கணினியிலும் இருப்பது ஒரு பட்டியலே; சுழற்சி வேகம் ஒரு பக்கம், காற்றின் சுமை மறுபக்கம் என்று பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்டால் 256 எண்கள். வேறுபாடு எண்ணிக்கையில் மட்டுமில்லை. ஊசி தான் கொடுத்த பெட்ரோல் சரியாக எரிந்ததா என்று அறியாது. கணினி அறியும். புகைக் குழாயில் மிச்ச ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் லாம்டா சென்சார், 1976இல் வால்வோ காரில் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்திலிருந்து விலகினால் உடனே சேதி போகும், அடுத்த துளி திருத்தப்படும். பொறி எப்போது என்பதற்கு கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு பல்சக்கரம்: 36 பல்லுக்கு இடமிருக்கும், ஒன்றை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். பொக்கை கடந்துபோவதை வைத்துக் கணினி நிலையைக் கணிக்கும். 6,000 சுற்றில் நொடிக்கு 3,600 பல்லிடங்கள் கடந்துபோகின்றன.

சரி, இந்த எஞ்சினைத் தூக்கிப் பழைய கூட்டுக்குள் வைத்துவிட்டால் முடிந்ததா? எம்.ஜி. கம்பெனியே இதில் ஒருமுறை அடிபட்டது. 1967இல் எம்.ஜி.சி. என்ற பெயரில் இதே உடம்புக்குள் 2,912 சிசி ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சினை வைத்தார்கள். பானெட் புடைத்தது, முன் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டியிருந்தது, எஞ்சின் மட்டுமே சுமார் 95 கிலோ அதிகம். நேர்ச்சாலையில் பாய்ந்தது, வளைவில் மூக்கு திரும்ப மறுத்தது. சுழற்ற முயலும் பொருளில் எடை எவ்வளவு என்பதோடு, மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதும் கணக்கில் சேரும், அதுவும் இருமடியாக. முன் சக்கரங்களின் தலைமேல் ஏற்றிய 95 கிலோவும் நடுவில் வைத்த 95 கிலோவும் ஸ்டீயரிங்குக்கு ஒன்றல்ல. 1969இல் எம்.ஜி.சி. நின்றுபோனது.

விடை ஒரு தனிமனிதரிடமிருந்து வந்தது. பந்தய ஓட்டுநர் கென் காஸ்டெல்லோ 1970 வாக்கில் ரோவர் கம்பெனியின் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினை எம்.ஜி.பி.க்குள் இறக்கினார். எட்டு சிலிண்டர், ஆனால் அலுமினியம். வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2, அலுமினியத்துடையது 2.7, ஆக இருமடங்கு பெரிய எஞ்சின், கழற்றி வைத்த நான்கு சிலிண்டர் இரும்போடு ஏறக்குறைய ஒரே எடை. இந்த எஞ்சினும் ஒரு மறுபிறவிதான். அமெரிக்காவில் ப்யூக் கார்களுக்காக 1961இல் வந்து, வார்ப்பில் கழிவு அதிகம் என்பது போன்ற தொல்லைகளால் 1963இல் கைவிடப்பட்டது; உரிமையை ரோவர் வாங்கிக்கொண்டது. காஸ்டெல்லோவின் கார்களைப் பார்த்த பிறகு கம்பெனியும் விழித்துக்கொண்டு 1973இல் தன் சொந்த வி8ஐ வெளியிட்டது, மூடிய ஜி.டி. உடம்பில் மட்டும். 1976 வரை 2,591 வண்டிகள். எஞ்சின் மாற்றுகிறவர் முதலில் கேட்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல, எடையை என்பேன்.

அடுத்தது உடம்பு. எம்.ஜி.பி.க்கு அடியில் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளை வெல்டிங் செய்த உடம்பே சட்டகம். மூடி ஒட்டிய அட்டைப் பெட்டியை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், விறைத்து நிற்கும். மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் துவண்டுபோகும். ரோட்ஸ்டர் மூடி எடுத்த பெட்டி. கூரை செய்ய வேண்டிய வேலையையும் கதவுக்குக் கீழே ஓடும் மூடிய பெட்டிவடிவத் தகடுகள் சுமக்கின்றன. அவற்றை ஸில் என்பார்கள். ஈரம் தேங்குவதும் துரு பிடிப்பதும் அங்கேதான். இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். இரு தகடு ஒட்டியிருக்கும் இடத்தில் துரு புகுந்தால் ஆப்பு அடித்ததுபோல் பிளந்துவிடும். மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்த வண்டி கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். அதற்குள் 200 குதிரையைக் கட்டினால் எஞ்சினின் முறுக்கு விசையை உடம்பு தாங்காது.

துருப்பிடித்த ஸில்லை அறுப்பதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் செய்வது நல்ல டிங்கரிங் வேலைக்காரரின் முதல் காரியம். மறந்தால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. ஒட்டுப்போட முடியாத அளவு அரித்துவிட்டால் இன்னொரு வழியும் உண்டு: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து 1988 முதல் எம்.ஜி.பி. உடம்புகளைப் புதிதாகவே அடித்து விற்கிறது. எஞ்சினும் புதிது, உடம்பும் புதிது என்றால் இது என்ன பழைய கார் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, பதிவுத்துறைக்காரர்களும் கேட்கிறார்கள். ரோவர் குழுமமோ அந்தப் புதிய உடம்பை மெருகேற்றி, 3.9 லிட்டர் வி8 வைத்து 1992இல் ஆர்.வி.8 என்று விற்றது. செய்தது 2,000க்குச் சற்றுக் குறைவு. பெரும்பகுதி ஜப்பானுக்குக் கப்பலேறியது. பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களை மனத்தில் வைத்து மாஸ்டா எம்.எக்ஸ்-5ஐ உருவாக்கிய நாடு அது.

ஆர்.வி.8இலும் பின்னால் இருந்தது பழைய லீஃப் ஸ்பிரிங்தான். அதன் சங்கடம் புரிய ஒரு சின்னக் கணக்கு: பழைய எஞ்சினின் முறுக்கு விசை 149 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் பின் ஆக்சிலும் சேர்ந்து அதைப் பதின்மூன்று மடங்காக்கும். ஆக்சிலில் வந்து சேர்வது ஏறக்குறைய 2,000. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஆக்சில் கூடு அதே விசையோடு பின்னோக்கித் திருக முயலும். அதைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங் பட்டைகள் மட்டுமே. விசை கூடினால் பட்டை நெளியும், டயர் தரையை விட்டுத் துள்ளும், ஸ்பிரிங் திரும்ப நிமிரும், மறுபடி நெளியும். ஆகவே நீளக் கம்பிகளால் ஆக்சிலைக் கட்டிப்போட்டுச் சுருள் ஸ்பிரிங் வைக்கிறார்கள். பிரேக்கும் மாற வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து ஒரு டன் எடை என்று வைத்தால், 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 386 கிலோஜூல் ஆற்றலைத் தட்டுகள் சூடாக மாற்ற வேண்டும். 160இலிருந்து என்றால் 988.

பெட்ரோல் டேங்கில் ஒரு வேடிக்கை. கார்ப்பரேட்டருக்கு மெல்லிய அழுத்தத்தில் பெட்ரோல் போதும், அதன் சிறு தொட்டி எப்போதும் நிரம்பியிருக்கும். வளைவில் டேங்கில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் ஒரு கணம் காற்றைக் குடித்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனுக்கு மூன்று பார் அழுத்தம் அறுபடாமல் வேண்டும். ஒரு குமிழி போனால் எஞ்சின் விக்கும். எனவே நடுவில் ஒரு சிறு சேமிப்புக் குடுவையைச் சேர்க்கிறார்கள். 1967க்கு முந்தைய வண்டி என்றால் பேட்டரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். அதை மாற்றாமல் கணினியைப் பூட்டினால் ஸ்விட்சைத் திருப்பியதும் கணினி கருகும்.

கடைசியில் டேஷ்போர்டு. ஸ்மித்ஸ் கம்பெனியின் பழைய வட்ட முகங்களை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை, விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஆனால் சுழற்சிமானி எஞ்சினை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. ஒரே இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்துடிப்புகளை எண்ணுகிறது: சுற்றுக்கு இரண்டு, 3,000 சுற்றில் நொடிக்கு 100. புதிய எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு காயில். பழைய முள் எதை எண்ணுவது? கணினியே உட்கார்ந்து, இல்லாத அந்த ஒற்றைக் காயிலின் துடிப்புகளைப் போலியாகச் செய்து அனுப்புகிறது. வேகமானியின் கேபிளைச் சுழற்றப் புதிய கியர்பாக்ஸில் இடமில்லை, அதனால் சென்சார் சொல்லும் வேகத்தில் கேபிளைத் திருகும் ஒரு குட்டி மோட்டார். பெட்ரோல் முள்ளுக்கும் இதே போல ஏதோ ஒரு தரகர். எண்ணெய் அழுத்த முள்ளுக்கு மட்டும் தரகர் வேண்டாம். எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாயில் எண்ணெயே நேராக வந்து முள்ளைத் தள்ளுகிறது. குழாயின் மறுமுனையில் புது எஞ்சினுக்கேற்ற மரையுள்ள ஓர் இணைப்பை மாட்டினால் போதும்.