பழகுநரா, தொழிலாளியா? கையெழுத்துப் போடும் முன் கேட்போம்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் நம் காலனிகளுக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். கல்லூரி நோட்டீஸ் கொடுப்பவர்கள் ஒரு வகை. பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் ஆள் சேர்க்கும் புரோக்கர்கள் இன்னொரு வகை. ‘பிள்ளைக்கு ட்ரெயினிங் கொடுப்பாங்க, ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு, மாசச் சம்பளமும் உண்டு’ என்கிறார்கள். நிலமில்லாத வீட்டில், கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில், இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும்.

பயிற்சி என்பது நல்ல வார்த்தை. ஆனால், நம் பிள்ளைகளை அந்த வார்த்தையைச் சொல்லியே ஏமாற்றிய வரலாறும் இருக்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்றும் ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்றும் பெயர் சூட்டி, மூன்று ஆண்டு வேலை வாங்கியதை நாம் மறக்கவில்லை. மாதாமாதம் கையில் கிடைத்தது சொற்பம். மூன்று ஆண்டு முடிந்தால் 30,000 ரூபாய், 50,000 ரூபாய் என மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பெண்களுக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களில் பெரும்பகுதியினர் தென்மாவட்டங்களின் ஏழைப் பெண்கள். அவர்களில் தலித் பெண்கள் ஏராளம். மில் கணக்கில் அவர்களுடைய பெயர் தொழிலாளி இல்லை, ‘அப்ரண்டிஸ்’.

அந்த ஒரு சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. எனவே, அச்சட்டத்தின் கீழ் முறையாகச் சேர்ந்த பழகுநருக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது. சம்பளம் என்பதற்குப் பதிலாக உதவித்தொகை. தமிழ்நாட்டில் 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி உண்டு என்று 1981-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் சொல்கிறது. ஒருவரை ‘பழகுநர்’ என்று எழுதி வைத்துக்கொண்டால், அந்த உரிமையையும் மறுக்க வழி தேடலாம். சில முதலாளிகளுக்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பது இப்போது புரியும்.

அதே சட்டம் முதலாளியின் கையையும் கட்டுகிறது. அதை யாரும் நம் வீட்டு வாசலில் வந்து சொல்வதில்லை.

முதலாவது, எழுத்து மூலமான ஒப்பந்தம். பழகுநரும் நிறுவனமும் கையெழுத்திட்டு, அது அரசிடம் பதிவாக வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது, உதவித்தொகை. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகையை நிர்ணயித்தன. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் அது கூட வேண்டும். இதை மாதாமாதம் தர வேண்டும்; மூன்று ஆண்டு கழித்து மொத்தமாகத் தருகிறோம் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. பழகுநருக்கு பீஸ் ரேட் கணக்கில் கூலி போடவும் கூடாது.

மூன்றாவது, வேலை நேரம். தொழில் பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது. பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையும் வாங்கக் கூடாது. தையல் பழக வந்த பிள்ளையை லோடு இறக்க விடுவதும் கக்கூஸ் கழுவச் சொல்வதும் சட்டத்துக்குப் புறம்பானவை. அந்த வேலை யாருடைய பிள்ளைகளைத் தேடி வருகிறது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, பாதுகாப்பு. வேலையிடத்தில் அடிபட்டால் பழகுநருக்கும் இழப்பீடு உண்டு. தொழிற்சாலைக்கான சுகாதார, பாதுகாப்பு விதிகளும் அவருக்குப் பொருந்தும்.

ஐந்தாவது, நம்மில் பலரும் அறியாதது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பழகுநர் இடங்களில் இட ஒதுக்கீடு தர வேண்டும் என்று இச்சட்டத்தின் 3-ஏ பிரிவு சொல்கிறது. தனியார் நிறுவனங்களையும் தொடும் இட ஒதுக்கீடு இது. மாநிலத்தில் நம் மக்கள்தொகைக்கு ஏற்ப இந்த இடங்கள் அமைய வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர்.

பனியன் கம்பெனியில் நம் ஆட்களுக்குப் பஞ்சமில்லையே என்று சிலர் கேட்கலாம். எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. கைமடிப்பது, பிசிர் வெட்டுவது, பேக்கிங் என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஓவர்லாக், பேட்லாக், பேட்டர்ன், கட்டிங், மெஷின் மெக்கானிக், தரக் கட்டுப்பாடு போன்ற கூலி உயரும் வேலைகளைப் பழகும் வாய்ப்பு பெரும்பாலும் தெரிந்தவர் மூலம், சொந்தக்காரர் மூலம் போகிறது. சொந்தக்காரர் யாரும் மேஸ்திரியாக இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, பதிவு செய்த பயிற்சியும் சான்றிதழும்தான் சிபாரிசு.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன் ஒரே கேள்வி கேட்போம்: ‘எங்கள் பிள்ளை பழகுநரா, தொழிலாளியா?’ பழகுநர் என்றால் பதிவான ஒப்பந்தத்தின் நகலைக் கேட்போம். எந்தத் தொழில், எத்தனை மாதம், என்ன சான்றிதழ் என்பதை அதில் பார்ப்போம். தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு ஏற்கிறது. 2023 முதல் அந்தப் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. பாஸ்புக்கைப் பிள்ளையே வைத்திருக்க வேண்டும்.

பதிவு இல்லை என்றால், வாயால் ‘ட்ரெயினிங்’ என்று சொன்னாலும் அந்தப் பிள்ளை தொழிலாளிதான் என்று வாதாட நமக்கு உரிமை உண்டு. அப்போது குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்கலாம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே சொல்லிவிட்டது. பழகுநருக்குரிய பயிற்சியும் இல்லை, தொழிலாளிக்குரிய கூலியும் இல்லை என்ற நடுவாந்திர நிலையை எந்தச் சட்டமும் ஏற்கவில்லை.

சட்டம் மட்டும் போதாது என்பதும் நமக்குத் தெரியும். 2014 திருத்தம், விதிமீறலுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. எனவே, கேட்கும் குரல் ஒன்றாக இருக்க வேண்டும். திண்டுக்கல்லில் ஓர் இளம் தலித் பெண் தொழிலாளி 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022-இல் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் எதிர்க்கும் ஒப்பந்தம் அது. வெளிநாட்டுத் துணி நிறுவனங்களும் அதற்குப் பொறுப்பேற்றன.

மாணவர்களுக்கு ஒரு சொல். எட்டாம் வகுப்பு முடித்திருந்தாலே ஐ.டி.ஐ.யில் ஓராண்டுத் தையல் தொழில்நுட்பப் படிப்பில் சேரலாம். அதை முடித்துப் பழகுநராகப் போனால் உதவித்தொகையும் கூடும், மரியாதையும் கூடும். விவரங்களுக்கு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தை அணுகலாம். கூலியோ சான்றிதழோ மறுக்கப்பட்டால், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஊரில் படித்த பிள்ளைகள் இந்த முறை ஒரு வேலை செய்யலாம். புரோக்கர் நீட்டும் தாளை வாங்கி, பெரியவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வெறுந்தாளில் கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.