மின்கட்டண ரசீதில் ஒரு சிறிய வரி

மாணவர்களே, வீட்டுக்கு வரும் தெனாகா நேஷனல் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் 'கே.டபிள்யூ.டி.பி.பி. 1.6%' என்று ஒரு வரி இருக்கும். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு நாம் செலுத்தும் தொகை அது. மின்சாரக் கட்டணம் 200 ரிங்கிட் என்றால், இதற்கு 3 ரிங்கிட் 20 சென். மாதத்துக்கு 300 யூனிட்டுக்கு மேல் போகாத வீடுகளுக்கு விலக்கு உண்டு. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி.

இந்தப் பணம் எதற்கு? பொந்தியானில் உள்ள தஞ்சோங் பின் நிலையம் நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரிக்கிறது. அங்கே எரிபொருள் செலவு அன்றாடம் தொடரும். சூரிய ஒளி இலவசம். ஆனால், தகடுகளுக்கான பணத்தை முதலிலேயே போட வேண்டும். போட்ட பணம் திரும்பி வருமா என்ற அச்சம் எழுவது இயல்பு.

அந்த அச்சத்தைப் போக்க 2011 டிசம்பரில் ஒரு திட்டம் தொடங்கியது. கூரையில் 4 கிலோவாட் வரை தகடு பொருத்தியவருக்கு, யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 23 சென் என்ற அடிப்படை விலை 21 ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்டது. அப்போது வீடுகள் முதல் 200 யூனிட்டுக்குக் கொடுத்ததோ யூனிட்டுக்கு 21.8 சென்தான்! அந்த இடைவெளியை நிரப்பவே இந்த நிதி. தொடக்கத்தில் 1 விழுக்காடாக இருந்த தொகை, 2014இல் 1.6 ஆனது.

இது அதிகமில்லையா என்று கேட்பீர்கள். குழந்தை நடக்கப் பழகும் வரைதான் நடைவண்டி. தகடுகளின் விலை இறங்க இறங்க, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான விலையும் குறைக்கப்பட்டது.

செம்பனை ஆலைகளுக்கும் இத்திட்டத்தில் இடம் உண்டு. ஆலைக் கழிவுநீரில் நுண்ணுயிரிகள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. காற்றில் கலந்தால் அது புவியைச் சூடாக்கும். பிடித்து எரித்தால் இரவிலும் மின்சாரம் தரும்.

இரவு மின்சாரம் ஜொகூருக்கு மிக முக்கியம். இங்கே பெருகிவரும் தரவு மையங்கள் 24 மணி நேரமும் இயங்குகின்றன. சூரியனோ மாலையில் விடைபெற்றுவிடும். பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க பெரிய மின்கலங்கள் தேவை. அவற்றுக்கான செலவை யார் ஏற்பது? எல்லா வீடுகளும் சமமாகவா, அதிகம் பயன்படுத்துவோர் அதிகமாகவா? 300 யூனிட் விலக்கை நினைவில் வைத்து, வகுப்பில் விவாதித்துப் பாருங்கள். நாளை ரசீது உங்கள் பெயரில்தான் வரும்.