ஒரே பந்தியில் இரண்டு இலை

2025 ஜனவரியில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் திருமலைக்குப் போனது. கட்டிக்கொண்டு வந்த சோற்றை மலைமேல் ராம்பகீச்சா பேருந்து நிலையத்தருகே பிரித்தார்கள். முட்டை புலாவ். பார்த்த பக்தர்கள் முறையிட, போலீசார் வந்தார்கள். மலைமேல் இது கூடாதென்று தங்களுக்குத் தெரியாது என்றார்கள் சோற்றைப் பிரித்தவர்கள். எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

செய்தி அத்தோடு முடிந்தது. ஆனால் சைவம், அசைவம் பற்றிப் பேசும்போது நாம் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிற இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்று, ஓர் இடத்தின் நெறி. இன்னொன்று, ஒரு மனிதரின் தட்டு. திருமலையில் புலாலுக்கும் மதுவுக்கும் புகைக்கும் தடை. அடிவாரத்து அலிபிரியில் வண்டிகளைச் சோதித்துத்தான் மேலே விடுகிறார்கள். அந்தத் தடை மலையைப் பற்றியது. ஏறிப் போகிறவர் வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்பதைப் பற்றியது அல்ல. அதே சோற்றை அடிவாரத்தில் பிரித்திருந்தால் ஏன் என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

இந்த வட்டாரத்துக்கு இந்த வேறுபாடு பழகிப்போன ஒன்று. கீழே திருப்பதி ஊருக்குள் தாத்தய்யகுண்ட கங்கம்மா இருக்கிறாள். மலைமேல் இருப்பவருக்குத் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. மே மாத ஜாத்திரையில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவார்கள், பொங்கல் பொங்கும், கோழியும் ஆடும் பலியாகும். அந்தத் தங்கைக்குத் தேவஸ்தானத்திலிருந்து புடவை, மஞ்சள், குங்குமத்தோடு சீர் வருகிறது. அண்ணனுக்கு லட்டு, தங்கைக்குக் கோழி. உறவு அறுந்துபோகவில்லை.

திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போகும் சாலையில் இருக்கிற புத்தலப்பட்டுக்கு வந்தால், அதே கதையை வீட்டுக்குள் பார்க்கலாம். 2014இல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு, 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் உணவுப் பழக்கத்தைக் கேட்டது. நாடு முழுவதும் நூற்றுக்கு 29 பேர் சைவம். ஆந்திரத்தில் இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் இரண்டுக்குச் சற்று மேல். ஆக, இந்த எல்லைப் பகுதியில் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் பெரும்பாலும் கறி சாப்பிடுகிற குடும்பம்தான். ஆனால் அதே குடும்பம் சனிக்கிழமை தொடாது. புரட்டாசி முழுக்கத் தொடாத வீடுகள் உண்டு. ஐப்பசி பிறந்ததும் தமிழ் வீட்டில் குழம்பு கொதிக்கும். தீபாவளி முடிந்ததும் பக்கத்துத் தெலுங்கு வீட்டில் கார்த்திக மாசம் தொடங்கும், அவர்கள் தொடமாட்டார்கள். இந்த இரண்டு மாதங்களையும் இரண்டு வீடுகளும் சண்டையில்லாமல் கடக்கின்றன. குழம்பு கொதிக்கிற வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துவார். விரதம் இருக்கிற வீட்டு அம்மா மூக்கைச் சுளிக்கமாட்டார். மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான்.

சொல்லிலும் கவனம் வேண்டும். புலால் உணவைத் தமிழில் ‘கவிச்சி’ என்கிறோம், தெலுங்கில் ‘நீசு’ என்கிறார்கள். இரண்டும் முதலில் வாடையைக் குறித்த சொற்கள். ஒருவரின் உணவுக்கு அதன் வாடையையே பெயராக வைத்துவிட்டு, மற்றவரின் உணவை ‘சுத்த சைவம்’ என்று பலகையில் எழுதினால், சாப்பிடுகிறவருக்கு எது உறைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மறுபக்கமும் உண்டு. கறி சாப்பிடுகிற குடும்பத்தில் பிறந்த ஒரு பிள்ளை இனி வேண்டாம் என்று நிறுத்தினால், ‘ஒரு துண்டு சாப்பிட்டா என்ன ஆயிடும்’ என்று இலையில் வைத்து அழுத்துகிறோம். அவருக்குத் தெரியாமல் கறிக்குழம்புச் சாற்றை ஊற்றிவிட்டுப் பிறகு சொல்லிச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது விளையாட்டு அல்ல, ஏமாற்று.

சட்டம் என்ன சொல்கிறது? அகமதாபாத்தில் சமணர்களின் பர்யூஷண் நோன்பு நாட்களில் மாநகராட்சி தன் இறைச்சிக்கூடங்களை ஒன்பது நாள் மூடியது. அந்த வழக்கில் 2008 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம், அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கிற அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்றது. அப்படிச் சொன்ன அதே தீர்ப்பில் ஒன்பது நாள் மூடலையும் ஏற்றுக்கொண்டது: காலம் குறுகியது, பக்கத்து வீட்டாரின் உணர்வுக்காக அவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று. நீண்ட காலம் மூடியிருந்தால் பேச்சே வேறு என்றும் குறிப்பிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தபோது, ஆந்திரத்துக்காரரான நீதிபதி செலமேஸ்வர், என்ன உண்பது, எப்படி உடுப்பது என்று அரசு சொல்வதை எவரும் விரும்பமாட்டார் என்ற கருத்தைத் தம் தீர்ப்பில் எழுதினார்.

ஒரு கோயில் மலைக்கு நெறி இருக்கலாம், ஒரு வீட்டுச் சமையலறைக்கு நெறி இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளமாட்டேன். முன்கூட்டியே சொன்னார்களா? பிடிக்காவிட்டால் வெளியேற வழி இருக்கிறதா? அந்த நெறியைச் சாக்காக வைத்து வேறு எதையாவது வடிகட்டுகிறார்களா? திருமலை இந்தக் கேள்விகளில் தேறுகிறது. சில மணி நேரமோ இரண்டு நாளோ இருந்துவிட்டு இறங்குகிறோம். 1985இல் தொடங்கிய நித்திய அன்னதானத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் கறி சாப்பிடுகிற மாநிலத்து மக்கள் சாதி பார்க்காமல் தோளோடு தோள் உட்கார்ந்து சாதமும் சாம்பாரும் சாப்பிட்டு எழுகிறார்கள். யாருக்கும் குறை தோன்றுவதில்லை. ‘வெஜிடேரியன்களுக்கு மட்டும்’ என்று வாடகைப் பலகை தொங்கவிடுகிற வீடு தேறுவதில்லை. அந்தப் பலகை பல ஊர்களில் சாதியையும் மதத்தையும் வாய்விட்டுக் கேட்காமலே கேட்கிற வழி. தன் அடுப்பில் என்ன வேகலாம் என்று முடிவு செய்வது ஒருவரின் உரிமை. வாடகை வாங்கிக்கொண்டு அடுத்தவர் அடுப்பை எட்டிப் பார்ப்பது அந்த உரிமையில் சேராது.

பள்ளிக்கூடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டிய இடம். அங்கே குழந்தைக்குக் கிடைக்கிற முட்டை வெறும் பழக்கமில்லை, புரதம். சாப்பிடாதவர் ஒருவர் மனம் நோகும் என்று எல்லார் முட்டையையும் நிறுத்தினால், வீட்டில் அது கிடைக்காத பிள்ளைக்குத்தான் இழப்பு. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். கர்நாடகத்தில் முட்டை, அது வேண்டாமென்றால் வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய். அதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை.

தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பொட்டலத்தில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு அதுவும் வட்டமாக இருந்தது, நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததால் வடிவத்தை மாற்றினார்கள். முட்டை அசைவத்தில் சேரும். பாலும் தேனும் சேராது, அவற்றுக்குப் பச்சை வட்டம்தான். அதனால் பாலும் தவிர்க்கிற நனிசைவர், அதாவது வீகன், பச்சை வட்டத்தை மட்டும் நம்ப முடியாது. அவர்களுக்கென்று 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறையும் தனி முத்திரையும் கொண்டுவந்தது. சிப்ஸ் போன்றவற்றில் சுவை கூட்டப் போடுகிற ‘ஈ631’ இறைச்சியிலிருந்தும் எடுக்கப்படலாம், மீனிலிருந்தும் எடுக்கப்படலாம், செடியிலிருந்தும் வரலாம். இந்தக் குறியீட்டை மட்டும் போட்டால் போதாது, மூலம் தாவரமா விலங்கா என்றும் சொல்ல வேண்டும் என்று 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்யாண வீட்டுச் சமையல்காரருக்கும் இதே கடமை உண்டு என்று நினைக்கிறேன். கோழி பொரித்த எண்ணெயில் வடை சுட்டால், அதைச் சொல்லிவிட வேண்டும்.

நனிசைவம்தான் இந்த வட்டாரத்தில் கடினமான சோதனை. சித்தூர் மாவட்டம் பாலை நம்பி வாழ்கிற மண். குட்டையான புங்கனூர் மாடு பிறந்த நாடு. காலையில் கறந்து ஊற்றுகிற பாலின் பணத்தில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்படிப் படித்து வெளியூர் போன பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்து, ‘அவ்வா, எனக்கு மோர் வேண்டாம்’ என்றால், பாட்டி காதில் விழுவது மோரைப் பற்றிய செய்தி அல்ல. தன் மாட்டையும் தன் கையையும் பேத்தி வேண்டாமென்று சொல்வதாகக் கேட்கிறது. பேத்தி காரணத்தைச் சொல்லலாம்: கன்றுக்குரிய பாலை எடுக்கிறோம், கறவை நின்ற மாட்டை விற்கிறோம் என்று. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்தவரிடம் குற்றம் சுமத்துகிற குரலில் அதைச் சொல்லக் கூடாது. பாட்டியும் அடுத்த வேளைக்கு ஒரு கரண்டி தயிரை ‘தெரியாமல்’ கலந்துவிடக் கூடாது. கவலை இருந்தால் அதை வேறு வழியில் காட்டலாம். பி12 வைட்டமின் செடி உணவில் கிடைப்பதில்லை. நனிசைவர்கள் மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். ‘மாத்திரை போட்டியா’ என்று கேட்கிற பாட்டி, பேத்தியின் முடிவை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம்.

சாப்பாட்டுக்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாத ஊர் இது. ராகி சங்கடி, அதாவது கேழ்வரகுக் களி, கிண்டுகிறார்கள். ஒருவருக்கு அதன் மேல் நாட்டுக்கோழிக் குழம்பு, இன்னொருவருக்குக் கீரைக் கடைசலும் ஒரு கரண்டி நெய்யும், பேத்திக்கு வேர்க்கடலைச் சட்னி. உருண்டை மூவருக்கும் ஒரே பானையிலிருந்துதான் வருகிறது. நெய்யைப் பானையிலேயே ஊற்றிவிடாமல் தனிக் கிண்ணத்தில் வைத்து, கீரைக்கு வேறு கரண்டி போட்டால் போதும்.